காலி என்று சொல்லாத அக்கா

அக்கா குடித்து வைத்த டீ கிளாஸைக் கழுவுகிறவருக்குப் பொறுமை வேண்டும். அடியில் ஒரு வாய் டீ கட்டாயம் இருக்கும். தெரியாமல் எடுத்துக் கவிழ்த்தால் மேலே கொட்டும். எனக்கு நல்ல சட்டை ஒன்று அப்படிக் கறை பிடித்துப் போனது. முழுசாகக் குடித்தால் என்னக்கா என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "கொஞ்சம் கெடக்கட்டும் தம்பி" என்றார், நான்தான் ஏதோ விவரம் தெரியாமல் கேட்டுவிட்டது போல.

எதையுமே அவர் முழுசாகத் தீர்க்க மாட்டார். எண்ணெய் பாட்டிலில் ஒரு விரல் அளவு நிற்கும்போதே அடுத்த பாட்டில் வந்துவிடும், பழையது மிச்சத்தோடு அலமாரியில் ஏறிவிடும். பிஸ்கட் டின்னின் அடியில் எப்போதும் ஒரே ஒரு பிஸ்கட் கிடக்கும். என் மகள் அதில் கை விட்டால், "அத விடு கண்ணு, அது டின்னோட பிஸ்கட்" என்பார். என் மனைவி அந்த அடுப்படிக்கு மிச்சக்கடை என்று பெயர் வைத்திருந்தாள். அக்காவுக்கும் அந்தப் பெயர் தெரியும். மூக்கால் ஒரு சிரிப்புச் சிரிப்பார், அவ்வளவுதான்.

ஈப்போ பழைய டவுனில், கீழே மோட்டார் சாமான் கடையும் காப்பிக்கடையும் இருக்கும் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். நடுவில் ஒரே படிக்கட்டு. ஒவ்வொரு மாடியிலும் இடப்பக்கம் சில வீடுகள், வலப்பக்கம் சில வீடுகள். அக்கா மூன்றாம் மாடி, இடப்பக்கம். நாங்கள் அதே மாடியில் வலப்பக்கம். ஒரு ஹோட்டலின் துணி வெளுக்கும் பகுதியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவர் வேலை. ஒல்லியான, உயரமான உடம்பு. வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு ரப்பர் பட்டை போட்டிருப்பார், வலிக்காக. பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் மூணாம் மாடி அக்கா.

நான் தஞ்சோங் மாலிமிலிருந்து கல்யாணமாகி அங்கே குடிவந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. கடைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அக்கா கதவைத் திறந்து, "தம்பி, அரிசி நெறஞ்சிருக்கு" என்றார். பக்கத்து வீட்டுப் புதுப் பையனிடம் அரிசி நிறைய இருப்பதை எதற்குச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "ரொம்ப நல்லதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய், எனக்கு வேண்டிய சவர பிளேடை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று ராத்திரி அவர் வீட்டில் உலை ஏறவில்லை. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றிருக்கிறார். மறுநாள் என் மனைவிதான் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். வீட்டில் ஒரு பொருளை இல்லை என்று சொல்லக்கூடாதாம், தீர்ந்துபோனால் நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டுமாம். அவள் பாட்டி வீட்டிலும் அப்படித்தானாம். எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் டின்னில் அரிசி இருந்தது. ஒரு பிடி. அந்தக் கடைசிப் பிடியை மட்டும் அவர் சமைக்க மாட்டார். பசியோடு படுத்தாலும் படுப்பாரே தவிர டின்னை வழிக்க மாட்டார். இதென்ன பிடிவாதம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் திரும்பும்போது ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு வருவார். குடையோ, துண்டோ, ஒரு கிண்ணமோ. மறதி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் மகளுக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தவர், கிளம்பும்போது கட்டில் கம்பியில் தன் துண்டைப் போட்டுவிட்டு நடந்தார். நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். "அங்கேயே கெடக்கட்டும். நாளைக்கு வாரேன்ல" என்றார். மறுநாளும் வந்தார், துண்டுக்காக இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் வீடு திரும்பும்வரை அந்தத் துண்டு அங்கேயே தொங்கியது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மழை நாளில் தெரிந்துகொண்டேன். எங்கள் கட்டடத்தின் கூரை ஒழுகும். மூன்றாம் மாடிக்காரர்கள் எல்லாரும் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அன்று அக்கா வீட்டில் வாளி பிடித்துக்கொண்டிருந்தேன். சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே செமோர் பக்கத்தில் தான் பிறந்த தோட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லய வீடுகளை இடித்துவிட்டுப் புது வீடு கட்டித் தருகிறோம், அதுவரை ரோட்டோரப் பலகை வீடுகளில் இருங்கள் என்று நிர்வாகம் சொன்னதாம். 'செமெந்தாரா' என்றார்களாம். தற்காலிகம். சனங்களுக்கு ஒரே சந்தோஷம். அவருடைய அப்பா ஒழுங்கான மனிதர். அரிசி டின்னை வழித்து, சட்டிபானையைக் கழுவிக் கவிழ்த்து, வீட்டைக் கூட்டிப் பெருக்கி, சாவியைத் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி கையில் கொடுத்துவிட்டு வந்தாராம்.

"சுத்தமா ஒப்படைச்சாரு தம்பி. அவங்களும் சுத்தமா மறந்துட்டாங்க."

லயங்களை இடித்தார்கள். புது வீடுகளும் கட்டினார்கள், வெளியாட்களுக்கு விற்க. அப்பா பலகை வீட்டிலேயே செத்துப்போனார். அது தற்காலிக வீடுதானே என்று கடைசிவரை அங்கே பால் காய்ச்சவே இல்லையாம். "பால் காய்ச்சாம இருந்து என்ன? அங்க லயத்துல அரிசிய வழிச்சிட்டுல வந்துட்டாரு" என்றார் அக்கா. அவர் சொன்னதில் சாத்திரம் எவ்வளவு, சங்கடம் எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த டீ கிளாஸைப் பற்றி நான் பேசுவதை விட்டுவிட்டேன்.

கட்டட முதலாளியான பழைய தவுக்கே இருந்தவரை கட்டடம் ஒழுகினாலும் எங்கள் குடித்தனம் ஒழுங்காக ஓடியது. அவர் இறந்து, கோலாலம்பூரிலிருக்கும் மகன் கைக்கு அது போனது. அதே நேரம் பழைய டவுனுக்கு ஒரு புது மவுசு வந்திருந்தது. சுவரெல்லாம் ஓவியம், சந்துக்குச் சந்து காப்பிக்கடை, சனி ஞாயிறு ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டு திரியும் சுற்றுலாக்காரர்கள். எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு வரிசை வீடுகளை ரிப்பேர் என்று சொல்லி காலி செய்யச் சொன்னார்கள். ரிப்பேர் முடிந்ததும் அது தங்கும் விடுதி ஆகிவிட்டது. அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள்.

எங்கள் கட்டடத்துக்கு வந்த ஏஜெண்ட் நம் தமிழ்ப் பையன்தான், நல்ல மரியாதையானவன். வயரிங் மாற்ற வேண்டும், பைப் மாற்ற வேண்டும், கூரை முழுக்கப் பிரிக்க வேண்டும், ஆகவே எல்லாரும் வெளியேறி சாவியைத் தர வேண்டும் என்றான். "செமெந்தாராதான்க்கா. கொஞ்ச மாசம். ஆனா வீடு கோசோங்கா இருக்கணும், காலியா இருந்தாத்தான் கான்ட்ராக்டர் வேல செய்வாரு." முடிந்ததும் திரும்பி வரலாமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பேசிக்கலாம்லா" என்றான்.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பழைய வார்த்தையை அதே இனிப்போடு இன்னொரு வாய் சொல்லக் கேட்டவரின் முகம் அது. எங்களுக்கு அந்த வீடு போனால் கஷ்டம். மகளின் தமிழ்ப்பள்ளி நடக்கிற தூரம், வாடகையும் எங்கள் சம்பளத்துக்குத் தாங்கும். டவுனில் வேறு வீடு கிடைக்காது, எங்காவது தூரத்தில் ஒண்டியிருப்போம். அக்காவுக்கு அந்த ஒண்டும் வழியும் கிடையாது. தோட்டம் போன பிறகு அவருக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான்.

எங்களுக்குக் கீழ்மாடியில் சேகர் மச்சான் இருந்தான், லாரி ஓட்டுகிறவன். அவனும் அவன் மனைவி தேவியும் நல்ல மாதிரி, ஆனால் அவசரக்காரர்கள். ஏஜெண்ட் சொன்னதை நம்பி முதல் ஆளாக சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செமோரில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டார்கள். போனவர்கள் சும்மா இருக்கக்கூடாதா? நல்ல நேரம் பார்த்து, புதுப் பானை வாங்கி, பால் காய்ச்சி, அது பொங்கி வழிவதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார்கள். பூவும் கைகூப்பலுமாக. ஏஜெண்டும் அவர்கள் தொடர்பில் இருந்தான் என்பது பாலைப் பொங்கவிட்டவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. பின்னால் சேகர், திரும்ப வருவதற்கு ஒரு எழுத்து கொடுங்கள் என்று கேட்டபோது ஏஜெண்ட் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினான். "நீங்கதான் புது வீட்டுல பால் காய்ச்சிட்டீங்களேண்ணே. பிறகு என்ன?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் எல்லாரையும் சமூக மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே மாதம் ஒருமுறை இலவசமாகச் சட்ட உதவி செய்ய ஒரு வக்கீல் பெண் வருவாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோர்ட் உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை யாரும் வெளியே தள்ள முடியாது என்றாள். ஆனால் நீங்களாகவே சாமானை எடுத்துக்கொண்டு சாவியையும் கொடுத்துவிட்டால் நீங்களாகவே விட்டுப் போன மாதிரி ஆகிவிடும், அப்புறம் என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னாள். அக்கா எங்கள் பக்கம் திரும்பி மூக்கால் சிரித்தார். அவருடைய அரிசி டின்னுக்குச் சட்டத்திலும் இடம் உண்டு என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அன்று சாயங்காலமே கதவு கதவாகப் போனார். யாரும் சாவி கொடுக்கக்கூடாது. யாரும் வீட்டை வழிக்கக்கூடாது. அவருக்கு ரிப்பேர் மேல் கோபம் இல்லை. கூரை ஒழுகுவது உண்மை, வயர் பழையது என்பதும் உண்மை என்று முதலில் ஒத்துக்கொண்டவர் அவர்தான். வருஷா வருஷம் தீபாவளிக்கு ஒற்றை ஆளாக வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பார். சாமான்களை ஒரு பாதியில் ஒதுக்கிவிட்டு மறு பாதியை அடிப்பார், காய்ந்ததும் இடம் மாற்றுவார். அதையேதான் கட்டடத்துக்கும் சொன்னார். இடப்பக்கம் வேலை நடக்கும்போது இடப்பக்கத்தார் வலப்பக்க வீடுகளில் ஒண்டிக்கொள்வது, பிறகு மாறிக்கொள்வது. கீழே கடை வைத்திருந்த சீனக் கிழவர், "சூசா லா, கஷ்டம், ஒரே கக்கூசுக்கு எத்தனை பேர்" என்று மலாயில் முணுமுணுத்தார். ஆனால் எல்லாரையும் கூட்டி வைத்து அக்கா கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவரும் அவர்தான்.

காலி செய்ய ஏஜெண்ட் கொடுத்திருந்த கெடு முடிந்தது. அடுத்த வாரம் ஒரு மத்தியானம், எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, பூட்டு மாற்றும் ஆள் ஒருவரோடு அவன் வந்தான். அன்று எனக்கு லீவு. படியில் காலடிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். அக்காவும் ராத்திரி ஷிப்ட் முடித்து வீட்டில்தான் இருந்தார். அவன் என்னைப் பார்த்து ஒரு நிமிடம் தடுமாறி, பிறகு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான்.

அவர் கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"எல்லாம் காலி பண்ணியாச்சாக்கா?"

"நெறஞ்சிருக்கு தம்பி."

அவர் அகராதியில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவன் நான். வழித்துவிட்டாரோ, மனம் விட்டுவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொடியில் துணி. அடுப்பில் குழம்பு. அலமாரியில் மிச்ச எண்ணெய் பாட்டில்கள் அத்தனையும் வரிசையாக. அரிசி டின் மூடி திறந்து கிடந்தது, கழுத்துவரை அரிசி. நான் அவரை அறிந்த காலத்தில் அந்தச் சொல்லை அதன் நேர் அர்த்தத்தில் அவர் சொன்னது அன்று ஒருநாள்தான்.

பூட்டுக்காரர் ஒரு மலாய்க்காரர். உள்ளே பார்த்தார், விளக்கைப் பார்த்தார், ஏஜெண்டைப் பார்த்தார். காலி வீடு என்றுதானே என்னைக் கூப்பிட்டாய், இங்கே ஆள் குடியிருக்கிறது, நான் கை வைக்க மாட்டேன் என்று மலாயில் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகு வக்கீல் பெண் ஒரு கடிதம் போட்டாள். முதலாளி மகனே ஒருநாள் நேரில் வந்து, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க நின்றான். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். பாதி பாதியாகச் செய்யலாம் என்று தன் மலாயில் நிதானமாகச் சொன்னார். கூட வந்த கான்ட்ராக்டர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நாள் கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஆனால் செய்யலாம் என்றார். மகன் சில வாரம் கழித்துச் சரி என்று சொல்லி அனுப்பினான், திரும்பக் குடியேறலாம் என்று எழுதியும் கொடுத்தான். வாடகை மட்டும் கொஞ்சம் ஏறும் என்றான். மனம் இரங்கினானா, கோர்ட்டுக்குப் போனால் இழுக்கும் என்று பயந்தானா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் வீடு வீடுதான்.

இடப்பக்கம் வேலை நடந்தபோது அக்கா எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டார். இடிபாடும் தூசியுமாகக் கிடந்த தன் வீட்டில் ஒரு பிடி அரிசியோடு அந்த டின்னை மட்டும் விட்டு வைத்திருந்தார். வேலையாட்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று நான் பயந்தேன். வயரிங் செய்கிற பையன் அதை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அறைக்கு அறை மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். அக்கா என்ன சொல்லி வைத்திருந்தாரோ, அதைத் தொடும்போதெல்லாம் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வான்.

எல்லாரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பினோம், சேகர் குடும்பம் தவிர. சாவியைக் கொடுத்துவிட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்கள் வீடு சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்குப் போய்விட்டது. சேகர் செமோரிலிருந்து ஞாயிறு தவறாமல் மனைவியோடு வருவான், அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவான், கீழே பெட்டி உருளும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவான். நான் ஒரு கடுகைக்கூட விட்டு வரலையேக்கா என்று தேவி ஒருநாள் அழுதாள். அக்கா அவள் கையிலிருந்த குடையை வாங்கித் தன் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். "இது இங்க கெடக்கட்டும். நீ போயிட்டு வா" என்றார். வெளியே நல்ல மழை. இரண்டு பேரும் நனைந்துகொண்டுதான் போனார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

அந்தக் குடை அங்கே ரொம்ப நாள் தொங்கியது. சிம்பாங் பூலாயில் எங்களுக்கு மலிவு விலை வீடு ஒன்று கிடைத்து நாங்கள் கிளம்ப வேண்டி வந்தபோது, அக்கா முதலில் கேட்டது எப்போது போகிறாய் என்று இல்லை. ஏஜெண்டிடம் எப்போது சொல்லப் போகிறாய் என்று. நான் வாயைத் திறக்கும் முன்னே அவரே அவனிடம் போய்ப் பேசி, அந்த வீட்டைச் சேகருக்கு முடித்துவிட்டார். அதே பையன்தான், இப்போது அவரைக் கண்டால் மூன்று படி இறங்கி நின்று வணக்கம் சொல்கிறான்.

சேகர் சாமான்களோடு வந்த காலையில் நாங்களும் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். அரிசி டின்னைக் கழுவ எடுத்த என் மனைவி, அக்கா வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு பிடி அரிசியோடு திரும்ப அலமாரியில் வைத்தாள். தேவி கையில் ஒரு பால் பொட்டலம் இருந்தது. வாசலைத் தாண்டாமல் நின்றுகொண்டு, காய்ச்சலாமா வேண்டாமா என்று தயங்கினாள். முன்பு பொங்கிய பால் படுத்திய பாடு அவளுக்கு மறந்திருக்காது.

"அக்கா, பால் காய்ச்சணுமா?" என்று கேட்டாள்.

அக்கா தன் வீட்டுக்குள் போய்க் குடையை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

"அது புதுசா குடி வாரவங்களுக்குலா. நீ எங்க போன? கொட இங்கதானே கெடந்துச்சு."

தேவி குடையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சேகர் லாரியைப் பார்ப்பவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா பால் பொட்டலத்தை வாங்கி, எங்கள் எல்லாருக்கும் அதில் டீ போட்டார். கட்டிய சாமான்கள் மேலேயே உட்கார்ந்து குடித்தோம். கீழே எங்கள் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

நான் கிளாஸில் ஒரு வாய் டீயை விட்டுவிட்டு எழுந்தேன்.